9 வெற்றி, 0 தோல்வி, 0 அழைப்பு: 1951 சான் பிரான்சிஸ்கோ டான்ஸ் அணியின் கதை

1/
நான் பிறப்பதற்கு 35 வருஷத்துக்கும் மேல முன்னாடியே கலைஞ்சு போன ஒரு காலேஜ் டீமுக்கு ரசிகனா இருக்க முடியுமா? முடியுது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தோட 1951ஆம் வருஷத்து ஃபுட்பால் அணி. பெயர் டான்ஸ். அந்த சீசன்ல 9 மேட்ச் ஆடினாங்க, ஒன்பதிலும் ஜெயிச்சாங்க. அதுக்குப் பிறகு நடந்ததுதான் இந்தத் தொடர். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
முதல்ல ஒரு விளக்கம். இது நாம காலால உதைச்சு ஆடுற கால்பந்து இல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடுற அமெரிக்கன் ஃபுட்பால். பக்கத்துக்கு 11 பேர். மைதானம் 100 யார்டு, அதாவது சுமார் 91 மீட்டர். எதிரணியோட எல்லைக்குள்ள பந்தைக் கொண்டு போயிட்டா டச் டவுன், 6 பாயிண்ட். பந்தோட ஓடுறவரை மேல விழுந்து சாய்க்கலாம். அது ஃபவுல் இல்ல. அதுதான் ஆட்டமே.

3/
அங்க காலேஜ் ஃபுட்பால்ங்கறது நம்ம ஊர் காலேஜ் ஸ்போர்ட்ஸ் டே மாதிரி கிடையாது. பல்லாயிரம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற திருவிழா. சீசன் முடிஞ்சதும் புத்தாண்டை ஒட்டி 'பவுல்' ஆட்டங்கள் நடக்கும். ரோஸ் பவுல், ஆரஞ்சு பவுல், சுகர் பவுல், காட்டன் பவுல்னு பல ஊர்கள்ல.

1951ல இதுக்கு நாக்அவுட் எல்லாம் கிடையாது. பவுல் நடத்துற கமிட்டி யாரைக் கூப்பிடுதோ அவங்கதான் ஆடுவாங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி. எவ்வளவு ஜெயிச்சாலும் அழைப்பு வந்தாத்தான் போக முடியும். இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க.

4/
இந்த அணி எனக்கு அறிமுகமானது விளையாட்டுப் பக்கம் வழியா இல்ல. தலையில திரும்பத் திரும்ப அடிபடுறவங்களுக்கு வர்ற மூளை நோயைப் பத்திப் படிச்சுக்கிட்டு இருந்தப்போ ஒரு பெயர் கண்ணுல பட்டது. ஆலி மாட்சன். யாருப்பா இவருன்னு தேடப் போய், அவரோட காலேஜ் அணிக்குள்ள போய் மாட்டிக்கிட்டேன். இன்னும் வெளிய வரல.

5/
சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகம் 1855ல ஜெசூட் பாதிரிமார்கள் ஆரம்பிச்சது. சின்ன கத்தோலிக்கக் கல்லூரி. ஃபுட்பாலுக்குன்னு சொந்த ஸ்டேடியம் கூட இல்ல. பக்கத்துல இருந்த கீசர் ஸ்டேடியத்துல ஆடுவாங்க. அதே கீசர்லதான் 1946ல புதுசா வந்த தொழில்முறை அணியான ஃபார்ட்டி நைனர்ஸும் ஆடினாங்க. காசு கொடுத்து மேட்ச் பார்க்கிற கூட்டம் எந்தப் பக்கம் போகும்னு சொல்லவே வேண்டாம்.

6/
கோச் ஜோ கூஹாரிச். கறார் ஆசாமி. 1951 கோடையில பசங்களை வடக்கு கலிஃபோர்னியாவுல கார்னிங்ங்கற சின்ன ஊருக்குப் பயிற்சி முகாமுக்குக் கூட்டிட்டுப் போனார். அனல் பறக்கிற பள்ளத்தாக்கு.

ஒரு டாக்டரா இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்குப் பதறும். தண்ணி குடிக்கிறது பலவீனம்னு கோச்சுகள் நம்பின காலம் அது. கனமான உடுப்பு, வெயில், தண்ணி இல்ல: வெப்பத்தாக்குதலுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. தயவுசெய்து யாரும் இதை வீரமா எடுத்துக்காதீங்க. ஆனா அந்த முகாம்லதான் இவங்க ஒரு அணியா ஆனாங்கன்னு ஆடினவங்களே பின்னாடி சொன்னாங்க.

7/
இப்போ ஆட்களைப் பார்ப்போம்.

ஆலி மாட்சன். டெக்சாஸ்ல பிறந்து, சின்ன வயசுல சான் பிரான்சிஸ்கோவுக்கு வந்தவர். கருப்பினத்தவர். ஒலிம்பிக் தரத்துல ஓடக்கூடியவர், அதோட ஆளைத் தூக்கி எறியக்கூடிய உடம்பு. 1951 சீசன்ல 9 மேட்ச்ல 1,566 யார்டு ஓடினார், 21 டச் டவுன். அந்த வருஷம் நாட்டுலயே அதிக தூரம் ஓடினவர் அவர்தான். இது போதாதுன்னு தடுப்பாட்டத்திலும் நின்னார்.

8/
பர்ல் டோலர். மெம்ஃபிஸ்காரர். இவரும் கருப்பினத்தவர். மாட்சனும் இவரும் முன்னாடி சான் பிரான்சிஸ்கோ சிட்டி காலேஜ்ல ஒண்ணா ஆடினவங்க. மாட்சனுக்குப் பத்திரிகையில பெயர் வரும். டோலர் எதிரணி ஆளைச் சாய்ச்சுட்டு எழுந்து அமைதியா அடுத்த இடத்துக்குப் போவார். இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச மனுஷன் இவர்தான். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

9/
ஜினோ மார்ச்செட்டி. இத்தாலியில இருந்து குடியேறின குடும்பத்துப் பையன். இரண்டாம் உலகப்போர்ல பல்ஜ் சண்டையில இருந்தப்போ அவருக்கு வயசு 18தான். போர் முடிஞ்சு வந்து காலேஜ் சேர்ந்தவர்.

பாப் செயின்ட் கிளேர். 6 அடி 9 அங்குலம். கறியைப் பச்சையாவே சாப்பிடுவாராம். ஒரு மருத்துவரா நான் இதைப் பரிந்துரைக்கல.

10/
இன்னொரு ஆள், மைதானத்துல இறங்காதவர். பீட் ரோசெல். அணியோட விளம்பர வேலையைப் பார்த்த இளைஞர். அணியைப் பத்தி எழுதுங்கன்னு பத்திரிகைக்காரங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருக்கிறது இவர் வேலை. இந்தப் பெயரையும் ஞாபகம் வெச்சுக்கோங்க. கதையோட பின்பாதியில வருவார்.

11/
சீசன் ஆரம்பிச்சது. சான் ஹோசே ஸ்டேட் அணியை இரண்டு தடவை தோற்கடிச்சாங்க. ஐடஹோ, சான்டா கிளாரா, ராணுவ முகாம் அணிகள்னு வரிசையா. ஆனா மேற்குக் கரையில என்ன பண்ணினாலும் நியூயார்க் பத்திரிகைகள் திரும்பிப் பார்க்காது. அதனால அக்டோபர்ல நாட்டோட அந்தக் கோடிக்கே போய் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தோட மோதினாங்க.

12/
அது அந்த சீசனோட கடினமான மேட்ச். 32-26. எதிரணி பந்தை உதைச்சு அனுப்ப, அதைப் பிடிச்சு கிட்டத்தட்ட மைதானத்தோட முழு நீளமும் ஓடி டச் டவுன் போட்டார் மாட்சன். ஒரு தடவை இல்ல, அதே மேட்ச்ல இரண்டு தடவை. அது இல்லன்னா இந்த அணிக்குத் தோல்வியில்லாத சீசனே கிடையாது.

13/
அடுத்த பெரிய சவால் நவம்பர்ல, பசிஃபிக் கல்லூரி. அந்த வட்டாரத்துல பவுல் அழைப்புக்குப் பேசப்பட்ட இன்னொரு அணி. இந்த மேட்ச்ல யார் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு அழைப்பு வரும்னு எல்லாரும் நம்பினாங்க. டான்ஸ் 47-14. நெருக்கமான மேட்ச்னு எதிர்பார்த்துப் போனவங்க ஒருதலைப்பட்சமான மேட்சைப் பார்த்துட்டு வந்தாங்க.

கடைசி மேட்ச் லாஸ் ஏஞ்சல்ஸ் லயோலா அணியோட. 20-2. கணக்கு முடிஞ்சது: 9-0. இனி தபால்காரருக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

14/
இங்க கொஞ்சம் நிறுத்தி, அந்தக் காலத்து அமெரிக்காவைப் பார்த்துட்டு வருவோம்.

தெற்கு மாநிலங்கள்ல பள்ளி, பஸ், ஹோட்டல், குடிக்கிற தண்ணிக் குழாய் வரைக்கும் வெள்ளையருக்குத் தனி, கருப்பினத்தவருக்குத் தனி. 'பிரிச்சு வைக்கலாம், சமமா இருந்தா போதும்'னு 1896லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. பள்ளிகள்ல அது செல்லாதுன்னு அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆகணும். நம்ம கதை நடக்கிறது 1951.

15/
பெரிய பவுல் ஆட்டங்கள் பெரும்பாலும் தெற்கில. ஆரஞ்சு பவுல் மயாமியில, சுகர் பவுல் நியூ ஆர்லியன்ஸ்ல, காட்டன் பவுல் டாலஸ்ல. மேற்கில இருந்த ரோஸ் பவுலோ அந்தக் கரையோட பெரிய பல்கலைக்கழகங்களோட கூட்டமைப்புக்கு ஒதுக்கப்பட்டது. 1952 ஜனவரியில அங்க ஆடினது ஸ்டான்ஃபோர்டும் இல்லினாயும். கூட்டமைப்புல இல்லாத டான்ஸுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே பூட்டு. மிச்சம் இருந்தது தெற்கு.

16/
தெற்கத்தி அணிகளோட ஆட வடக்கத்தி அணி போனா, தங்களோட கருப்பின வீரர்களை உட்கார வெச்சுட்டு ஆடணும். எழுதப்பட்ட விதி இல்ல. அதுக்குப் பெயர் 'கனவான் ஒப்பந்தம்'. என்ன ஒரு அழகான பெயர் பாருங்க!

மீறி இறங்கினா என்ன ஆகும்? அதே 1951 அக்டோபர்ல டிரேக் பல்கலைக்கழகத்தோட நட்சத்திர வீரர் ஜானி பிரைட் ஓக்லஹோமாவுல ஆடப் போனார். பந்து அவர்கிட்ட இல்லாத நேரத்துல எதிரணி வீரர் ஒருத்தர் முகத்துல ஓங்கி அடிச்சார். தாடை உடைஞ்சது. அதை வரிசையாப் படம் பிடிச்ச பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு அடுத்த வருஷம் புலிட்சர் பரிசு கிடைச்சது.

17/
'அந்தக் காலம் அப்படி, யார் என்ன செய்ய முடியும்'னு சிலர் சொல்வாங்க. செஞ்சவங்க இருந்தாங்க.

1946ல பென் ஸ்டேட் அணியை மயாமிக்கு ஆடக் கூப்பிட்டாங்க. கருப்பின வீரர்களை விட்டுட்டு வரணும்னு நிபந்தனை. அந்த மேட்சே வேண்டாம்னு ரத்து பண்ணிட்டாங்க. அதே அணியில இருந்த வாலஸ் டிரிப்லெட்ங்கற கருப்பின வீரர் 1948 புத்தாண்டன்னிக்கு டாலஸ் காட்டன் பவுல்ல ஆடினார். 13-13, டிரா. வானம் இடிஞ்சு விழல. ஆக, 1951லயும் வேற மாதிரி முடிவு எடுத்திருக்க முடியும். எடுக்கல.

18/
இப்போ டான்ஸுக்கு வருவோம். ஆரஞ்சு பவுல் பக்கத்துல இருந்து தகவல் வந்தது. வரலாம். ஆனா மாட்சனையும் டோலரையும் விட்டுட்டு வரணும்.

பல வருஷம் கழிச்சு அணிக்காரங்க சொன்னதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு. இதுல யோசிக்க ஒண்ணுமே இல்லன்னு நினைச்சாங்க. விவாதம் இல்ல, பேரம் இல்ல. அவங்க ரெண்டு பேரும் வரலன்னா யாரும் வரல. முடிஞ்சது.

19/
இதைப் படிக்கிறப்போ சுலபமா இருக்கு இல்லையா? அவங்க எதை வேண்டாம்னு சொன்னாங்கன்னு பாருங்க.

20, 22 வயசுப் பசங்க. இதுல பலருக்கு அதுதான் கடைசி காலேஜ் சீசன். பலர் வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் அப்படி ஒரு மேடை கிடைக்கும். நாடு முழுக்கப் பேசுற மேட்ச், பத்திரிகையில படம், தொழில்முறை அணிகளோட பார்வை. பவுல் ஆட்டத்துல வர்ற பணம் கஷ்டத்துல இருந்த கல்லூரிக்கும் தேவை. அத்தனையும் ஒரே வார்த்தையில போச்சு.

20/
1952 ஜனவரி 1. ஆரஞ்சு பவுல்ல ஜார்ஜியா டெக்கும் பேலரும் ஆடினாங்க. ஜார்ஜியா டெக் 17-14ன்னு ஜெயிச்சது. டான்ஸ் பசங்க சான் பிரான்சிஸ்கோவுல வீட்டுல இருந்தாங்க.

அப்போ டான்ஸை ஏன் கூப்பிடலன்னு வெளிய என்ன சொன்னாங்க தெரியுமா? அவங்க ஆடின எதிரணிகள் பலவீனமானவை. அவ்வளவுதான். நிறம்ங்கற வார்த்தையே வராது.

21/
நேர்மையாச் சொன்னா, அந்தக் காரணம் முழுப் பொய் இல்ல. எதிரணிப் பட்டியல்ல ராணுவ முகாம் அணிகள் இருந்தது உண்மை. பக்கத்துலயே இருந்த ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் 1951 பட்டியல்ல இல்ல. நாட்டோட தரவரிசையில டான்ஸ் 14ஆவது இடம்தான்.

ஆனா இதுல ஒரு விஷயம் கவனிங்க. எதிரணி பலவீனம்ங்கறதுதான் காரணம்னா, ரெண்டு பேரை மட்டும் விட்டுட்டு வாங்கன்னு ஏன் சொல்லணும்? அணியோட சிறந்த வீரரை வீட்டுல விட்டுட்டு வந்தா எதிரணிகள் பலமாயிடுமா?

22/
இந்தக் கதையில நான் திரும்பத் திரும்ப நிற்கிற இடம் இதுதான். ஒதுக்குறவங்க காரணத்தை அப்படியே எழுத்துல வைக்க மாட்டாங்க. எழுத்துல 'தகுதி' இருக்கும், 'தரம்' இருக்கும், 'இந்த வருஷம் போட்டி அதிகம்' இருக்கும். உண்மையான காரணம் போன்லயோ, யாரோ ஒருத்தர் காதுல சொல்ற வார்த்தையிலயோ இருக்கும். 70 வருஷம் கழிச்சு ஆவணம் தேடுறவனுக்குக் கிடைக்கிறது அந்த மரியாதையான காரணம் மட்டும்தான். மத்தது அனுபவிச்சவங்க வாய்மொழியில இருந்துதான் வரணும்.

23/
அடுத்த அடி சீக்கிரமே வந்தது. அந்த சீசன் முடிஞ்சதும் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே நிறுத்திடுச்சு. நஷ்டம் தாங்கல. 9-0ன்னு ஜெயிச்ச அணிக்கு அடுத்த சீசனே கிடையாது! பின்னாடி சின்ன அளவுல திரும்ப ஆரம்பிச்சாங்க, ஆனா அந்த உச்ச மட்டத்துக்கு அந்தக் கல்லூரி வரவே இல்ல.

24/
பவுலுக்குப் போயிருந்தா ஃபுட்பால் பிழைச்சிருக்குமா? பலர் ஆமான்னு சொல்றாங்க. எனக்கு அவ்வளவு நிச்சயம் இல்ல. அந்தக் காலகட்டத்துல கலிஃபோர்னியாவோட சின்ன கத்தோலிக்கக் கல்லூரிகள் எல்லாமே வரிசையா விலகிக்கிட்டு இருந்தாங்க. செயின்ட் மேரீஸ், லயோலா, அடுத்த வருஷம் சான்டா கிளாரா. செலவு ஏறுது, டிவி வந்தாச்சு, தொழில்முறை அணி கூட்டத்தை இழுக்குது. ஒரு பவுல் பணம் கொஞ்ச காலம் மூச்சு கொடுத்திருக்கலாம். ஆனா அந்த மூச்சு தேவைப்பட்ட நேரத்துலதான் இவங்க வேண்டாம்னு சொன்னாங்க. அதுதான் விஷயம்.

25/
அணி கலைஞ்சது. ஆட்கள் என்ன ஆனாங்க?

ஆரஞ்சு பவுல் நடந்து ஏழு மாசம் கூட ஆகல. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக். அமெரிக்கக் கொடி போட்ட பனியனோட ஓடினார் ஆலி மாட்சன். 400 மீட்டர்ல வெண்கலம், 4x400 தொடர் ஓட்டத்துல வெள்ளி. ஜனவரியில மயாமி மைதானத்துல கால் வைக்கத் தகுதி இல்லாதவர், ஜூலையில அதே நாட்டுக்காகப் பதக்க மேடையில நின்னார்.

26/
அப்புறம் தொழில்முறை ஃபுட்பால். கூஹாரிச் சிகாகோ கார்டினல்ஸ் கோச் ஆனார், மாட்சனும் அதே அணிக்குப் போனார். 1959ல அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் வாங்கினப்போ பதிலுக்கு ஒன்பது பேரைக் கொடுத்தாங்க. ஒரு ஆளுக்கு ஒன்பது பேர்!

மார்ச்செட்டி பால்டிமோர் கோல்ட்ஸ்ல ஜாம்பவான் ஆனார். 1958 சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்துல கணுக்கால் உடைஞ்சது. உள்ள தூக்கிட்டுப் போகப் பார்த்தாங்க. ஸ்ட்ரெச்சரை இங்கயே வைங்க, நான் மேட்ச் பார்க்கணும்னு பக்கவாட்டுல படுத்துக்கிட்டே பார்த்தார். எலும்பு முறிவோட வர்றவங்க எக்ஸ்ரேக்கு வர மாட்டேன்னு அடம் பிடிக்கிறதை நானும் பார்த்திருக்கேன், ஆனா இந்தக் காரணத்துக்காக இல்ல.

27/
டோலர்? அவரை கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் தேர்வு பண்ணியிருந்தாங்க. ஆனா 1952ல கல்லூரி நட்சத்திரங்கள் ஆடுற ஒரு காட்சி ஆட்டத்துல முழங்கால் கடுமையா அடிபட்டது. அன்னிக்கு எம்ஆர்ஐ கிடையாது, துளை வழி மூட்டு அறுவை சிகிச்சை கிடையாது. தொழில்முறையா ஒரு மேட்ச் கூட ஆடாம அவரோட ஆட்டம் முடிஞ்சது.

பவுல் கதவு மூடினப்போ அணி கூட நின்னது. முழங்கால் போனப்போ கூட நிற்க அணியே இல்ல.

28/
டோலர் ஆசிரியர் ஆனார். சான் பிரான்சிஸ்கோவுல ஒரு பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனார். அந்த நகரத்துல உயர்வகுப்புப் பள்ளிக்குத் தலைமை தாங்கின முதல் கருப்பினத்தவர் அவர்தான்.

இன்னொரு பக்கம், மைதானத்துக்குத் திரும்பினார். விசிலோட. 1965ல என்எஃப்எல் லீக்கின் முதல் கருப்பின நடுவர் ஆனார். 25 சீசன் நடுவரா இருந்தார். 1980ல சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தோட நடுவர் குழுவுலயும் இருந்தார். அதுக்கு முன்னாடி எந்தக் கருப்பினத்தவரும் அந்த இடத்துல நின்னதில்ல.

29/
1965ல அந்த லீக்கோட தலைவர் யார் தெரியுமா? பீட் ரோசெல். டான்ஸ் அணிக்கு விளம்பரம் பண்ணின அதே பையன். 1960லேர்ந்து 1989 வரைக்கும் அவர்தான் தலைவர்.

1951ல அந்த அணியோட இருந்து எல்லாத்தையும் பார்த்தவர், அதிகாரம் கைக்கு வந்தப்போ அவரோட லீக்ல டோலருக்கு விசில் கிடைச்சது. இதுக்கு மேல நான் எதுவும் சொல்லல.

30/
1972ல தொழில்முறை ஃபுட்பாலின் ஹால் ஆஃப் ஃபேம்ல மாட்சனும் மார்ச்செட்டியும் ஒரே வருஷத்துல சேர்ந்தாங்க. ரோசெல் 1985, செயின்ட் கிளேர் 1990. ஒரு சின்னக் கல்லூரியோட ஒரே சீசன்ல ஒண்ணா ஆடின மூணு பேர், கூடவே விளம்பர வேலை பார்த்தவர். 'தரம் போதாது'ன்னு சொல்லப்பட்ட அணி இது.

31/
இப்போ எனக்கு எழுதக் கஷ்டமான பகுதி.

ஆலி மாட்சன் 2011 பிப்ரவரியில 80 வயசுல இறந்தார். டிமென்ஷியா. கடைசி சில வருஷம் பெரும்பாலும் படுக்கையில. கடைசி நாலு வருஷம் பேச்சே இல்லன்னு குடும்பத்தார் சொன்னாங்க. இறந்த பிறகு அவர் மூளையை ஆராய்ஞ்சப்போ சிடிஇ உறுதியாச்சு. நான் ஆரம்பத்துல சொன்ன அந்த மூளை நோய்.

32/
சிடிஇன்னா என்ன? தலையில விழுற அடி ஒவ்வொண்ணும் மூளையைக் குலுக்குது. மயக்கம் போட வைக்கிற பெரிய அடி மட்டும் இல்ல, ஒண்ணும் ஆகலன்னு எழுந்து ஓடுற சின்னச் சின்ன அடிகளும்தான். வருஷக்கணக்குல அப்படிக் குலுங்கினா 'டாவ்'ங்கற புரதம் மூளையில தப்பான இடங்கள்ல படிய ஆரம்பிக்கும். மறதி, கோபம், மனச்சோர்வு, கடைசியில டிமென்ஷியா. உறுதியாக் கண்டுபிடிக்கிறது இறந்த பிறகு மூளையைப் பரிசோதிச்சாத்தான்.

33/
2017ல வெளிவந்த பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில முன்னாள் என்எஃப்எல் வீரர்கள் 111 பேரோட மூளையைப் பார்த்தாங்க. 110 பேருக்கு சிடிஇ இருந்தது. கல்லூரி வரைக்கும் ஆடினவங்கள்ல 53க்கு 48.

இந்த எண்ணைப் பார்த்து ஆடின எல்லாருக்கும் வரும்னு எடுத்துக்காதீங்க. ஏற்கெனவே அறிகுறி இருந்தவங்க குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் பண்ணுவாங்க. அதனால விகிதம் கூடத்தான் தெரியும். இருந்தாலும் அசட்டை பண்ற எண் இல்ல இது.

34/
ஒரு ரசிகனா எனக்கு இது உறுத்துது. ஃபோர்டாம் மேட்ச்ல மாட்சன் மைதானம் முழுக்க ஓடினதை நான் ரசிச்சு எழுதினேன். ஒவ்வொரு ஓட்டத்தோட முடிவிலயும் யாரோ ஒருத்தர் அவர் மேல மோதியிருக்கார். அந்த ஆட்டம் இளமையில அவரை ஒரு கதவுக்கு வெளிய நிறுத்துச்சு. முதுமையில அவரோட பேச்சையே எடுத்துக்கிச்சு. நடுவுல கொடுத்த புகழும் உண்மைதான். இதை எப்படிக் கூட்டிக் கழிக்கிறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

35/
ஒரு வார்த்தை பெற்றோர்களுக்கு. எந்த விளையாட்டா இருந்தாலும் சரி, கபடியோ கிரிக்கெட்டோ, பிள்ளைக்குத் தலையில அடிபட்டு குழப்பம், தலைசுத்தல், வாந்தி, கண் மங்கல் எது இருந்தாலும் அன்னிக்குத் திரும்ப ஆட விடாதீங்க. டாக்டர்கிட்ட காட்டுங்க. தலைவலி கூடிக்கிட்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினா சரியா எழலன்னாலோ உடனே ஆஸ்பத்திரி. 'தம்பி, ஒண்ணும் இல்ல, எழுந்து ஆடு'ங்கறது ஊக்கம் இல்ல.

36/
தெற்கத்திப் பவுல் கதவுகள் அப்புறம் திறந்ததா? மெதுவா. 1956 சுகர் பவுல்ல பிட்ஸ்பர்க் அணியோட கருப்பின வீரர் பாபி கிரியர் ஆடினார். எதிரணி அதே ஜார்ஜியா டெக். ஆடக் கூடாதுன்னு ஜார்ஜியா கவர்னரே எதிர்த்தார். அந்தக் கவர்னரை எதிர்த்து ஊர்வலம் போனது ஜார்ஜியா டெக் மாணவர்கள்தான். நாங்க ஆடத்தான் செய்வோம்னாங்க. நாலு வருஷத்துல இவ்வளவு தூரம்.

டான்ஸ் கல்லூரியும் சும்மா இருக்கல. 1955லயும் 1956லயும் தேசிய கூடைப்பந்து சாம்பியன். அந்த அணியோட தூண்கள் பில் ரஸ்ஸல், கே.சி. ஜோன்ஸ், ரெண்டு பேருமே கருப்பினத்தவர்.

37/
அங்கீகாரம் ரொம்பத் தாமதமா வந்தது. இனப் பாகுபாட்டாலதான் இந்த அணிக்கு பவுல் வாய்ப்பு மறுக்கப்பட்டதுன்னு 2000ல அமெரிக்க செனட் தீர்மானம் போட்டது. 2006ல உயிரோட இருந்த வீரர்களுக்குப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. டோலர் 2009லயும், செயின்ட் கிளேர் 2015லயும், மார்ச்செட்டி 2019ல 93 வயசுலயும் போனாங்க.

38/
கடைசியா ஒண்ணு. அந்தப் பல்கலைக்கழகத்துல ஒரு மாணவர் விடுதி. ஜேம்ஸ் ஃபீலன்ங்கற பழைய செனட்டர் பெயர்ல இருந்தது. கலிஃபோர்னியாவை வெள்ளையருக்கானதாவே வைக்கணும்ங்கறதைக் கோஷமா வெச்சு 1920ல தேர்தல்ல நின்னவர் அவர். மாணவர்கள் கேள்வி கேட்டாங்க. 2017ல அந்தப் பெயரை எடுத்தாச்சு.

இப்போ அதுக்குப் பெயர் பர்ல் டோலர் ஹால்.

39/
2 பேரை விட்டுட்டுப் போயிருந்தா, அந்த அணி ஒரு பவுல் ஆடியிருக்கும். ஜெயிச்சிருக்கலாம், தோத்திருக்கலாம். 1952 ஆரஞ்சு பவுல்ல ஜெயிச்சது யாருன்னு இந்தத் தொடரைப் படிக்கிறதுக்கு முன்னாடி உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் தேடித்தான் தெரிஞ்சது. வராத அணியைத் தேடிப் போனப்போதான் வந்த அணியோட பெயரே கிடைச்சது.

வீட்டுல ஃபுட்பாலோ கபடியோ ஆடுற பிள்ளைங்க இருந்தா, அவங்களுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்க.